பல் கட்டுகிறவர் அடித்த பதினெட்டுக் கத்திகள்

மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஹைதரலி கத்திக்காரர் தெருவில் வீடு வீடாகப் போய் ஒரு சேதி சொன்னார். கேரட் வெட்ட வருகிறவர்கள் யாரும் கத்தி கொண்டுவர வேண்டாம், எல்லாருக்கும் தான் அடித்த கத்தியே தயாராக இருக்கிறது என்பதுதான் சேதி. கேட்டவர்கள் அத்தனை பேரும் நெஞ்சில் கை வைத்து, "ரொம்ப சந்தோஷம் மாப்ளே" என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

ஷாஹ்ரிகான் ஊரில் கல்யாணப் புலாவ் விடியற்காலையில், சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு பரிமாறப்படும். முந்தின நாள் சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு, தெரு ஆண்கள் கல்யாண வீட்டு முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து கேரட் வெட்டித் தர வேண்டும். அறுபது கிலோ அரிசிக்கு அறுபது கிலோ கேரட். எல்லாம் தீக்குச்சி கனத்துக்கு, ஒரே நீளத்துக்கு விழ வேண்டும். மிஷினில் சீவிப் போட்டால் அண்டாவில் கூழாகிவிடும், அப்படிச் சீவின வீட்டைப் பற்றி ஊர் ரெண்டு வருஷம் பேசும். மற்ற தெருக்களில் இது வெறும் வேலை. கத்திக்காரர் தெருவில் மட்டும் ஒவ்வொருவனும் தான் அடித்த கத்தியோடு வந்து உட்கார்ந்து, பக்கத்துக்காரன் கத்தியைக் கடைக்கண்ணால் அளப்பான். வாய் என்னவோ பருத்தி விலையைப் பேசிக்கொண்டிருக்கும்.

ஹைதரலி அந்த வட்டத்தில் உட்கார்ந்ததே இல்லை. இருபத்துநாலு வருஷத்துக்கு முன் கோக்கந்த் ஊரிலிருந்து வந்து முனோஜாத்தைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே குடிவந்தவர் அவர். மாமியார் படுத்த படுக்கையாக இருந்தாள், பார்த்துக்கொள்ள முனோஜாத்தை விட்டால் ஆள் இல்லை. ஆக, வீட்டோடு மாப்பிள்ளை. தெருவில் பின்னால் யாராவது சிரித்திருக்கலாம். முன்னால் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. விருந்தென்றால் மேல் வரிசையில் இடம், தட்டில் நல்ல கறி, ஒரு மூட்டையைத் தூக்கப் போனால் நாலு பேர் ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது, மாப்பிள்ளை செய்ததில் குற்றம் சொல்லக் கூடாது என்பது அந்தத் தெருவில் எழுதி வைக்காத சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்துநாலு வருஷம் ஒரு தெருவில் யாரிடமும் ஒரு திட்டுகூட வாங்காமல் வாழ்ந்து பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அவருக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர் இல்லை. டாக்டர் அச்செடுத்து அனுப்பினால் அதற்குப் பொருத்தமாகப் பல்லும் பல் செட்டும் செய்து தருகிறவர். ஊரில் பாதிப் பேர் வாயில் மின்னுகிற தங்கக் கேப் அவர் கைவேலைதான். ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் டிராக்டர் பட்டறையில் கிடந்த உடைந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்துக் கோடியில், லாரி பிரேக் டிரம்மைக் கவிழ்த்து உலையாக்கினார். காற்றுக்குப் பழைய சோவியத் காலத்து வாக்குவம் கிளீனர். அதன் பின்பக்கத்தில் குழாயைச் செருகினால் உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும். ஸ்விட்சைப் போட்டால் தெருக்கோடி வரை ஊளைச் சத்தம் கேட்கும், உலை வெள்ளை வெளேரென்று எரியும். அந்த வெளுப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஹைதரலிக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

முதல் கத்தியை மச்சானிடம்தான் கொண்டுபோய்க் காட்டினார். முனோஜாத்தின் அண்ணன் எகம்பெர்தி, ரெண்டு வீடு தள்ளிப் பட்டறை வைத்திருப்பவன், தெருவிலேயே பெரிய கை. அவன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அலகில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. கைப்பிடி, பல் செட்டில் ஈறுக்குப் போடுகிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்.

"அழகா இருக்கு மாப்ளே" என்றான் எகம்பெர்தி.

"குறை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க மச்சான்."

"குறையா? உங்க கையில என்ன குறை வரப் போவுது. டீ குடிச்சிட்டுப் போங்க."

அதே வருஷம் ஒரு கல்யாண வீட்டுக்கு அந்தக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வட்டத்தில் இருந்த எல்லாரும் அதை வாங்கி, வியந்து, கைமாற்றி, கடைசியில் ஒரு தட்டில் பத்திரமாக வைத்துவிட்டு அவரை மேல் வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். "மாப்பிள்ளைக்குக் கை வலிக்கும்" என்றார்கள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். தன் மகள் ஓய்சுலுவின் கல்யாணத்தில் தான் வீட்டுக்காரன். வீட்டுக்காரனை யாரும் தூக்கி மேலே உட்கார வைக்க முடியாது. அன்றைக்குத் தெரு முழுக்கத் தன் கத்தியால் வெட்ட வேண்டும், தானும் நடுவில் உட்கார்ந்து வெட்ட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்குப் பெரிதாக இருந்ததில்லை.

ஒரு வருஷம் பிடித்தது. வேலை முடிந்து வந்து சட்டையை மாற்றினால் நேரே உலைக்குத்தான் போவார். பட்டையைக் காய்ச்சி, அடித்து நீட்டி, பருத்திக்கொட்டை எண்ணெயில் தோய்ச்சல் வைத்து, பதம் பார்க்க மட்டும் வேலை இடத்துக்குக் கொண்டுபோவார். அங்கே பல் அச்சு சுடுகிற சின்னச் சூளையில் சூட்டை ஒரு டிகிரி பிசகாமல் வைக்கலாம். சாணையில் மட்டும் அவர் கஞ்சன். தங்கத்தில் பழகின கை. தங்கத்தில் ஒரு தூசி அளவு தேய்ந்து போனாலும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று பதினெட்டு வயசிலிருந்து பழகியவர். அதனால் கத்தியையும் அடிக்கும்போதே கிட்டத்தட்ட முடிந்த உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மேலாகத் தடவினாற்போல் சாணை பிடித்து, மீதி நேரமெல்லாம் மெருகேற்றினார். இப்படிப் பதினெட்டுக் கத்திகள் ஆயின.

கடைசிக் கத்தி முடிந்த அன்றைக்கு அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய் முனோஜாத்திடம் காட்டினார். முன்கையில் வைத்து ஒரு இழு இழுத்தார். மயிர் சிரைத்தாற்போல் வந்தது.

"நல்லா இருக்குங்க" என்றாள் அவள். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்து, "எதுக்கும் அவங்கவங்க கத்தியும் ஒரு பக்கம் இருக்கட்டுமே. வேண்டாம்னா உறையிலயே கெடக்குது" என்றாள்.

"எதுக்கு?"

"அறுபது கிலோ ஆச்சே."

"ஆறு வருஷமா இந்த வீட்டுல என் கத்திதானே ஓடுது. ஒரு தடவையாவது சாணைக்குப் போச்சா? நீ சொல்லு."

முனோஜாத் பிசைந்த மாவையே பார்த்துக்கொண்டு, "போகல" என்றாள். அது உண்மைதான். சாணைக்குப் போகவே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அஸர் முடிந்ததும் பதினேழு பேர் வந்தார்கள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒருவர்கூடக் கத்தி கொண்டுவரவில்லை. சிலர் இடுப்பில் வெறும் உறை மட்டும் தொங்கியது, பழக்கத்தில் கை அடிக்கடி அங்கே போய்ப் போய்த் திரும்பியது. பெண்கள் காலையிலேயே தோல் சீவின கேரட், மஞ்சளும் சிவப்புமாக முற்றத்தில் குவிந்திருந்தது. ஹைதரலி துணியை விரித்துப் பதினெட்டுக் கத்திகளையும் வரிசையாக அடுக்கினார். வெயில் பட்டு அலகுகள் கண்ணைப் பறித்தன. பதினெட்டு இளஞ்சிவப்புக் கைப்பிடிகள்.

"வாய் நெறையச் சிரிக்கிற மாதிரி இருக்கு மாப்ளே" என்றான் தோஜிபாய். தெருவில் வாய்த்துடுக்குக்குப் பேர் போனவன், அதற்குமேல் அவனாலும் போக முடியவில்லை.

ஆளுக்கொரு கத்தியை எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டாவதை எடுத்துக்கொண்டு ஹைதரலி வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தார். யாரும் தடுக்கவில்லை. பலகையில் கேரட்டை வைத்து முதல் சீவு சீவினார். காகிதம் போல விழுந்தது. பதினெட்டுப் பலகையிலும் ஒரே சரசரப்பு. தோஜிபாய் ஒரு சீவலை எடுத்து வெயிலில் பிடித்து, அதன் வழியாக எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தான். கால் மணி நேரம் ஹைதரலி உலகத்திலேயே சந்தோஷமான மனிதராக இருந்தார்.

அப்புறம் யாருக்கோ டீ தீர்ந்திருக்குமே என்று நினைத்து எழுந்தார். கெட்டிலை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தால், முதலில் இருந்த கிழவர் பீங்கான் டீக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். போதும் போலிருக்கிறது என்று அடுத்தவரிடம் போனார். அதுவும் கவிழ்ந்திருந்தது. மூன்றாவது ஆள் எகம்பெர்தி. அவன் கிண்ணத்தைத் தொடைக்கடியில் மறைத்துக்கொண்டு, அதன் அடியிலிருக்கிற சொரசொரப்பான வளையத்தில் கத்தி வாயைச் சத்தம் வராமல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஹைதரலியைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான். ஹைதரலி நிமிர்ந்து வட்டத்தைப் பார்த்தார். பதினேழு கிண்ணமும் கவிழ்ந்திருந்தன. டீ குடிக்கிற கிண்ணத்தின் அடியில் கத்தியைத் தீட்டுவது வீட்டில் பெண்கள் அவசரத்துக்குச் செய்கிற வேலை. கத்தி அடிக்கிறவன் பொதுவில் அதைச் செய்யவே மாட்டான்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் மமராயிம் வந்தார். அவர் வேறு தெருக்காரர், நாளெல்லாம் அண்டாவோடு கத்துகிற மனுஷன், மாப்பிள்ளை மரியாதையெல்லாம் அவருக்கு ஒட்டாது. குவியலில் கை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

"என்னய்யா இது? புலாவுக்குக் கேரட் கேட்டா அடுப்புக்கு வெறகு வெட்டி வெச்சிருக்கீங்க."

கையிலிருந்ததைக் குவியல்மேலேயே எறிந்தார்.

"கத்திக்காரத் தெருன்னு பேரு. அடியில இருக்கறது பூ மாதிரி இருக்கு, மேல இருக்கறதப் பாருங்க. வெட்டல, ஒடச்சிருக்கீங்க."

"கேரட்டு காஞ்ச கேரட்டுங்க" என்றார் கிழவர்.

"போன வாரம் மழை இல்லல்ல" என்றான் இன்னொருவன்.

"கேரட்ட நான்தான் வாங்கினேன். நேத்து மண்ணுலருந்து பிடுங்கினது" என்றார் மமராயிம். ஒரு கத்தியை வாங்கிப் பெருவிரலில் வாயைத் தடவிப் பார்த்தார். அதைத் துணிமேல் வைத்துவிட்டு, "பாதி கூட ஆகல. பொழுது சாஞ்சு மக்ரிபு வர்றதுக்குள்ள எனக்கு மொத்தமும் வேணும். நாளைக்கு நானூறு பேருக்கு என்னத்தப் போடறது" என்று சொல்லிவிட்டு அண்டா பக்கம் போனார்.

ஹைதரலி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து ஒரு கேரட்டை வைத்து வெட்டினார். கத்தி பாதிவரை இறங்கி நின்றது. அழுத்தினார். டொக்கென்று கேரட் ரெண்டாகப் பிளந்து ஒரு துண்டு தெறித்து ஓடியது. இன்னொன்றை வைத்தார், அதுவும் அப்படித்தான். கிண்ணங்களைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தார். கத்தி மழுங்கிவிட்டதில் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்கெல்லாம் தெரியும்" என்றார்.

"அப்படியெல்லாம் இல்ல மாப்ளே..."

"மொதக் கத்தியிலருந்தே தெரியும். என்ன மச்சான்?"

எகம்பெர்தி தொண்டையைச் செருமினான். "மாப்பிள்ள ஆசையா செய்யறீங்க. அதப் போயி..."

ஹைதரலிக்கு அழுகைதான் முதலில் வந்தது, கோபம் அப்புறம்தான் வந்தது. ஆறு வருஷம். தெருவில் நாற்பது பட்டறை. அவர் கத்தியைக் கையில் வாங்கின ஒவ்வொருவனும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்து அனுப்பியிருக்கிறான். ஒருவன், ஒரே ஒருவன், இது கத்தி இல்லையய்யா என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு மகள் கல்யாணத்தில் இப்படி மூக்கறுபட்டு உட்கார வேண்டியதில்லை. அவர்கள் காட்டினது மரியாதை என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தார். இதற்குப் பதில் முகத்தில் துப்பியிருக்கலாம்.

ஆனாலும் நானூறு பேர் சாப்பிட வேண்டும்.

"எல்லாரும் எழுந்திரிங்க" என்றார். "வீட்டுக்குப் போய் உங்க உங்க கத்திய எடுத்துட்டு வாங்க."

யாரும் அசையவில்லை. மாப்பிள்ளை கத்தியைக் கீழே வைத்துவிட்டு எவன் முதலில் எழுந்திருப்பது.

"இதுவே போதும் மாப்ளே, சமாளிச்சுக்கலாம்" என்றார் கிழவர்.

"சமாளிக்க வேண்டாம். நான் இன்னிக்கு மாப்பிள்ளை இல்ல, கல்யாண வீட்டுக்காரன். போங்கன்னா போங்க."

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து முனோஜாத் வந்தாள். கையில் ஒரு கத்தி. தேய்ந்து பாதி அகலமாகிப்போன கருத்த அலகு, ஆட்டுக் கொம்புக் கைப்பிடி. எகம்பெர்தி அடித்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அதைத் துணிமேல் வைத்தாள்.

"இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் ஹைதரலி.

"மாவுப் பீப்பாயில."

"எத்தன நாளா?"

"ஆறு வருஷமா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு கத்தியும் கொண்டாந்து காட்டும்போது உங்க மொகம் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்கு வாய் வரல."

அவருக்கு அவளிடம் சொல்ல நிறைய இருந்தது, பதினேழு பேர் எதிரில் சொல்ல முடியாதது. தலையை மட்டும் ஆட்டினார். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். எகம்பெர்தி மட்டும் போகவில்லை. ஹைதரலி வெட்டிய கத்தியை எடுத்துக் கைப்பிடியை முழங்காலில் அழுத்திப் பிடித்து, பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்தான். அரம் இல்லாமல் அவன் தொழுகைக்குக்கூடப் போக மாட்டான்.

"இங்க பாருங்க" என்றான். வாய்க்கு மேலே அரத்தை ஓட்டினான். வெண்ணெயில் போவதுபோல் அரம் பிடித்துக்கொண்டு போனது. பொடி உதிர்ந்தது. "இது இரும்பே இல்ல. கஞ்சி."

"தோய்ச்சல்ல தப்பா? எண்ணெய சுடவெச்சுத்தான் விட்டேன்."

"இருங்க." அதே இடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை தேய்த்தான். திடீரென்று அரம் பிடிக்காமல் கிறீச்சென்று வழுக்கியது. எகம்பெர்தி நிறுத்தினான். மறுபடி தேய்த்தான், மறுபடி வழுக்கியது. அவன் முகம் மாறிவிட்டது. "அட. உள்ள கல்லு மாதிரி இருக்கு."

"அப்படின்னா?"

"தோல்தான் செத்துப்போச்சு. உள்ள உசுரா இருக்கு. உங்க ஒலையில..." எகம்பெர்தி நிறுத்திக்கொண்டான். பழக்கம் விடவில்லை.

"சொல்லுங்க மச்சான். திட்டியே சொல்லுங்க."

எகம்பெர்தி ஒரு மூச்சு விட்டான். "அந்த ஊளையிடற மிஷினத் தூக்கிக் கெணத்துல போடுங்க. ஆறு வருஷமா அந்தச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு எறங்கல. வெள்ளையா எரிஞ்சா ஒலையா அது? காத்த அவ்ளோ விட்டா கரி மட்டுமா எரியும், இரும்புக்குள்ள இருக்கற உறுதியும் சேந்து எரியும். மேல ஒரு நகக் கனம் வெறும் சக்க. மத்தவன்னா அதச் சாணையில தேச்சுத் தள்ளிருப்பான். நீங்க தங்கத்துக்குத் தடவற மாதிரி தடவி, அந்தச் சக்கைய நல்லா மெருகேத்தி வெச்சிருக்கீங்க."

"தேச்சா சரியாயிடுமா?"

"தேச்சாத்தான் தெரியும்."

தோட்டத்துக் கோடியில் பல் மெருகேற்றுகிற மோட்டார் ஒன்றைச் சாணையாக்கி வைத்திருந்தார். மரப்பெட்டியில் கிடந்த முரட்டுச் சாணைக்கல்லை மாட்டினார். வாங்கி வைத்ததோடு சரி, ஒருநாளும் மாட்டினதில்லை. கத்தியைக் கொண்டுபோய் லேசாகத் தொட்டு எடுத்தார், மறுபடி தொட்டு எடுத்தார்.

"அழுத்துங்க."

அழுத்தினார். பொறி பறந்தது. கையை எடுத்துவிட்டார்.

"அழுத்துய்யா" என்று எகம்பெர்தி கத்தினான். "பொண்ணு கன்னத்தயா தடவறே? அழுத்து. தண்ணியில நனச்சு நனச்சு அழுத்து, சூடேறினா அதுவும் போச்சு."

ஹைதரலி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். ஒரு வாரம் உட்கார்ந்து ஏற்றின பளபளப்பு ஒரு நிமிஷத்தில் சாம்பல் நிறக் கோடுகளாகப் போயிற்று. உள்ளுக்குள் தங்கம் தங்கமாக உதிர்வதுபோல் இருந்தது அவருக்கு. அதற்குள் கத்தி எடுக்கப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். பாதிப் பேர் முற்றத்தில் உட்கார்ந்து வெட்டத் தொடங்க, மீதிப் பேர் சாணையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எகம்பெர்தி மாப்பிள்ளையை ஒருமையில் திட்டினதைக் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை, எழுந்தும் போகவில்லை என்று தெரிந்ததும் மடை திறந்துவிட்டது.

"முதுகு இவ்ளோ தடியா விட்டா கேரட்டு பொளக்காம என்ன செய்யும்?"

"அடிக்கும்போது எண்ணிக்கிட்டே அடிக்கறான்யா. நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஒன்னு, ரெண்டு, நில்லு. ஒன்னு, ரெண்டு, நில்லு. அதுக்குள்ள இரும்பு ஆறிடும்."

"கைப்பிடிய ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றான் தோஜிபாய். "ஆறு வருஷமா அத நெனச்சு நெனச்சுச் சிரிப்ப அடக்கி எனக்கு வயித்து வலியே வந்துருச்சு. கத்தியப் புடிச்சா யார் வாயிலயோ கை விட்ட மாதிரி இருக்கு."

எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். கிழவர் மட்டும் சிரிக்காமல் ஹைதரலியின் முழங்கையை ஒரு தட்டுத் தட்டி, கோணத்தைத் தாழ்த்திப் பிடிக்க வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

எகம்பெர்தி மறுபடி அரத்தைப் போட்டுப் பார்த்தான். கத்தியின் ரெண்டு பக்கமும், முதுகிலிருந்து வாய் வரைக்கும், அரம் எங்கே வைத்தாலும் வழுக்கியது. ஒரு கல்லில் நாலு இழுப்பு இழுத்து அதன் வாயை எடுத்துவிட்டு நீட்டினான். முன்பிருந்ததில் முக்கால்வாசி அகலம், மேலெல்லாம் கீறல், கடையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மற்ற பதினேழைத் தேய்க்க நேரம் இல்லை. அவை துணிமேல் மின்னிக்கொண்டே கிடந்தன.

ஹைதரலி அந்த ஒரு கத்தியோடு வட்டத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போது யாரும் எழுந்து இடம் விடவில்லை, தோஜிபாய் மட்டும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டான். கேரட்டை வைத்து வெட்டினார். கத்தி உள்ளே போனதே கைக்குத் தெரியவில்லை, பலகையில் தட்டின சத்தம்தான் கேட்டது. நூறு கேரட் ஆயிற்று. இருநூறு ஆயிற்று. கிண்ணத்தைக் கவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. மமராயிம் வந்து குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் பாராட்டு.

"தடியா இருக்கு" என்றான் தோஜிபாய், ஹைதரலியின் பலகையைப் பார்த்து. "இன்னும் மெலிசா வெட்டு. நாங்க வெட்டினது கரைஞ்சு போயிருக்கும், உன்னுது மட்டும் கெடந்து கண்ண உறுத்தும்."

"வெட்டறேன், வெட்டறேன்."

"வாய் பேசாத. கேரட்டப் பாத்து வெட்டு."

பேச்சுக்கு நிமிர்ந்ததுதான் தப்பு. கத்தி கேரட்டைத் தாண்டி இடது பெருவிரலுக்குப் போய்விட்டது. வலி தெரிவதற்கு முன்னால் ரத்தம் தெரிந்தது. நகத்தோரம் ஒரு கோடு, சுத்தமாக, நேராக.

அவர் அனிச்சையாக நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தெருவில் மாப்பிள்ளைக்குக் கால் தடுக்கினால் பத்துக் கை நீளும். பஞ்சு வரும், தண்ணீர் வரும், நாற்காலி வரும். இருபத்துநாலு வருஷமாக அப்படித்தான்.

இன்றைக்கு ஒரு கையும் நீளவில்லை. பதினேழு பேரும் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவர் விரலைப் பார்த்தார்கள். அப்புறம் எகம்பெர்தி முதலில் சிரிக்க ஆரம்பித்தான். தோஜிபாய் பலகையைத் தள்ளிவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். கிழவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வெட்டுதுய்யா" என்றான் எகம்பெர்தி. "ஹைதர் கத்தி வெட்டுது."

"ரத்தம் கேரட்டுல படாம அந்தப் பக்கம் திரும்பி உக்காரு" என்றான் தோஜிபாய். "கட்டறதுன்னா நீயே கட்டிக்க. எங்களுக்கு வேல இருக்கு."

ஹைதரலி துணியின் ஓரத்தைக் கிழித்துப் பல்லால் கடித்து இழுத்து, தானே விரலைக் கட்டிக்கொண்டார். சரியாகக் கட்ட வரவில்லை, ரத்தம் கசிந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அடுத்த கேரட்டை எடுத்தார்.